தெருவில் பறை, கிடார், கூத்து: புதுச்சேரியில் இலவசக் கலை மாலை நடத்தும் முறை

பறையாட்டம், கிடாரோடு பிரெஞ்சுப் பாட்டு, வங்காளப் பாட்டு, இளைஞர்கள் போடும் இருபது நிமிட நாடகம், கடைசியில் தெருக்கூத்து. புதுச்சேரியில் இதற்கெல்லாம் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பிரெஞ்சு மொழி-பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், அரவிந்தர் ஆசிரமத்து வங்காளக் குடும்பங்கள், பல்கலைக்கழக நிகழ்கலைத் துறை என்று கேட்டுப்போக இடம் உண்டு. மொழி புரியாமல் கூட்டம் கலைந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுவார்கள். அதனால் கலையாது. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்குள் கால் மணி நேரம் ‘அலோ, மைக் டெஸ்டிங்’ ஓடினால் கட்டாயம் கலையும்.

நாள் குறிக்கும்போது, பொங்கலுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்ட சனிக்கிழமையாகப் பாருங்கள். அதற்குள் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும், இங்கே அரசுப் பள்ளிகளும் அதற்கு மாறியாயிற்று. மாசி மகத்தை ஒட்டி வைக்காதீர்கள். வைத்திக்குப்பம் தீர்த்தவாரி சமயத்தில் மைக் செட்டும் கிடைக்காது, காவலுக்கு ஆளும் கிடைக்காது. பிரான்சில் 1982இல் தொடங்கிய இசை நாள் ஜூன் 21. அந்தத் தேதி ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பிரெஞ்சுப் பாட்டுக்காரர்களுக்கு அன்று வேறு மேடை இருக்கும்.

தெருவை மறிக்க நகராட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். முத்தியால்பேட்டை என்றால் புதுச்சேரி நகராட்சி, லாஸ்பேட்டை என்றால் உழவர்கரை. மனு மாறிப்போனால் ஒரு வாரம் வீண். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்தால் இரவுத் தொழுகைக்கு அழைக்கும் இஷா பாங்கு நேரத்தைக் கேட்டு, அந்தப் பத்து நிமிடத்தை இடைவேளையாக வையுங்கள்.

இனி சுருதி. கலவை நிகழ்ச்சி பெரும்பாலும் இங்கேதான் கெடும். கிடார்காரர் ‘சி’ என்பார், ஆர்மோனியக்காரர் ‘ஒரு கட்டை’ என்பார். இரண்டும் ஒன்றுதான். டி இரண்டு கட்டை, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. கிடாரும் ஆர்மோனியமும் சேரும் உருப்படி இருந்தால் இதைத் தாளில் எழுதி இருவருக்கும் கொடுங்கள். சி பிடியில் பழகிய பாட்டை நான்கு கட்டைக்கு ஏற்ற, கிடார் கழுத்தின் ஐந்தாவது கட்டத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் போதும். ஆர்மோனியத்தின் ரீடை மேடையில் வைத்து மாற்ற முடியாது, பழைய பெட்டிகளில் சுருதி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். ஆகவே கிடாரை கைப்பேசி ட்யூனர் காட்டும்படி வைக்காமல், ஆர்மோனியத்தைக் கேட்டே கூட்டச் சொல்லுங்கள். கீபோர்டு வந்தால் அதிலும் ட்யூனிங்கை நகர்த்திக்கொள்ளலாம். இதையெல்லாம் மாலை நான்கு மணிக்கே முடித்துவிட வேண்டும்.

பறைக்கு மைக் வேண்டாம். வேண்டியது வைக்கோல். கடற்கரை ஈரத்தில் சாயங்காலம் தோல் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று அடிக்கும். அடிப்பதற்குக் கால் மணி முன்னால் தீயில் காய்ச்ச, இரண்டு கட்டு வைக்கோலும் பந்தலுக்கு எதிர்ப்பக்கம், காற்றுக்குக் கீழ்ப்புறமாக ஓர் இடமும் ஒதுக்குங்கள். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

கூத்துக்கு மரமேடை போடாதீர்கள். சலங்கைக் காலோடு அடவு போட்டால் பலகை அதிர்ந்து மைக் ஸ்டாண்ட் சாயும். தரையில் 15க்கு 12 அடி, மூன்று பக்கம் ஜமுக்காளம், பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை (குட்டி நாயனம்), பின்பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்ச். சுழன்று ஆடுகிறவர் கையில் மைக் நிற்காது. ஏழடிக்கு மேல், கிரீடம் தட்டாத உயரத்தில் குறுக்கே கயிறு கட்டி இரண்டு மைக்கைத் தொங்கவிடுங்கள். அதில் பஞ்சுறை மாட்டாவிட்டால் கடற்காற்று ‘புஸ் புஸ்’ என்று கேட்கும். ஸ்பீக்கர் பெட்டிகள் அந்தக் கயிற்றுக்கு நான்கடி முன்னால், சனத்தைப் பார்த்து நிற்கட்டும். பின்னால் போனால் மைக் கூவும். குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், எதிர்வீட்டுப் பாட்டி தூங்க வேண்டும். விளக்குக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் இழுங்கள். ஒரே லைனில் போட்டால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஓயாது.

விடிய விடிய ஆடும் கலைஞர்களிடம் ‘ஏதாவது முக்கால் மணி’ என்று சொன்னால், கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்து போவதற்கே அது தீர்ந்துவிடும். கதையில் எந்தக் கட்டம் என்று கூத்து வாத்தியாரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசுங்கள். அரிதாரம் பூசி, கட்டை எனப்படும் மர அணிகலன்களைக் கட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், ஐந்து மணிக்கே விளக்கும் கண்ணாடியும் உள்ள அறை வேண்டும்.

5.45க்குப் பறை தெருக்களைச் சுற்றி ஆள் கூட்டட்டும். 6.30க்கு கிடார், அடுத்து வங்காளப் பாட்டு, இடைவேளை, நாடகம், 8.30க்குக் கூத்து. இந்த வரிசையைத் திருப்பாதீர்கள், முகவீணை கேட்ட காதுக்குக் கிடார் எடுபடாது. ஒவ்வொன்றுக்கும் முன் தமிழில் ஒரு நிமிட அறிமுகம் போதும். அது நடக்கும்போதே பின்னால் மைக் மாறிவிட வேண்டும்.

பார்க்க வருபவரிடம் காசு வாங்காவிட்டாலும் கலைஞருக்குச் சம்பளம் உண்டு. பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியை அரிதாரம் கலைக்கும் அறைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.