படகு ஏரியின் மண்கரையில் செய்யக்கூடாதவை

மலையடிவாரத் தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளிலும் ஓடையை மறித்து, ஐந்தாறு ஏக்கரில் படகு ஏரி அமைக்கும் ஆசை இப்போது பெருகியிருக்கிறது. கரை போடுமுன் என்னைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. இரண்டு மழைக்காலம் கழிந்து, கரையின் வெளிப்புறத்தில் ஈரம் தெரியத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே புதுச் சிமெண்டு பூசிக்கொண்டு நிற்கின்றன. எலி வளையை மூடுவது, கரையில் மாடு ஏறாமல் பார்த்துக்கொள்வது, மழைக்கு முன் மதகைத் திறந்து மூடிப் பார்ப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கலிங்கை உயர்த்துதல்

உபரி நீர் வழியும் கலிங்கில் கை வைப்பதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு. கோடையில் படகுத்துறை சேற்றில் நிற்கிறது என்பார்கள். கலிங்கின் மேல் ஓர் அடிக்குச் சுவர் எழுப்பினால் தண்ணீர் நிற்குமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கொத்தனார் அரை நாளில் அதை முடித்துவிடுவார். அடுத்த ஆண்டு, விட்ட மீன்குஞ்சுகள் வெள்ளத்தில் போகாமலிருக்க அதே இடத்தில் கம்பிவலையும் வந்து சேரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் இதற்கு நானே ஒப்புதல் சொல்லியிருக்கிறேன். தோட்டத்து உரிமையாளர் நல்ல மனிதர், கேட்டதும் ஒன்றரை அடிச் செங்கல் சுவர்தான் என்பதால் எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. ஐப்பசி மாதத்து இரவொன்றில், கலிங்கில் வழிய வேண்டிய தண்ணீர் கரையின் நடுவில் வழியத் தொடங்கியது. மண்கரை கட்டிய சில ஆண்டுகளில் நடுப்பகுதி சற்றே அமர்ந்து தாழ்ந்துவிடும் என்பதும், கரை மிக உயரமாக இருப்பதும் அந்த நடுப்பகுதியில்தான் என்பதும் எனக்குப் பாடமாகத் தெரியும். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இருவர் இருட்டில் கடப்பாரையோடு போய், தண்ணீர் முட்டிக்கொண்டிருந்த சுவரை உடைத்தார்கள். கரை பிழைத்தது. விடிந்து பார்த்தபோது வெளிச்சரிவில் ஆள் நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் அரித்திருந்தது. அதைச் சீர்செய்ய இரண்டு கோடைகளும், அந்த உரிமையாளரின் இன்னொரு நிலமும் தேவைப்பட்டன.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் அகலமுள்ள கலிங்கின் மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நீர் ஓடினால், நொடிக்கு ஏறத்தாழ 17 கன மீட்டர் வெளியேறும். அதே கலிங்கை 40 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால், பழைய உச்ச நீர்மட்டத்தில் அதன் மேல் ஓடுவது 60 சென்டிமீட்டர் மட்டுமே. வெளியேறும் அளவோ 8 கன மீட்டருக்கும் குறைந்துவிடும். உயரம் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தால் போக்கு பாதிக்கும் கீழே போகிறது என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை முழுவதும் ஓடி வந்தால் நொடிக்குச் சுமார் 14 கன மீட்டர் ஏரிக்குள் நுழையும். பழைய கலிங்கு அதைத் தாங்கும். புதிய கலிங்கு தாங்காமல், நீர்மட்டம் இன்னும் ஒரு சாண் அளவுக்கு ஏறிய பிறகே வரவும் செலவும் சமமாகும். இதற்கிடையில் சருகும் ஆகாயத்தாமரையும் கம்பிவலையைப் பாதி அடைத்துவிட்டால், உச்ச நீர்மட்டத்துக்கு மேல் பாதுகாப்புக்கென விட்டுவைத்த அரை மீட்டரும் போய்க் கரை வழியும்.

நம் பழைய ஏரிகளின் கலிங்கில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைக் காட்டி, முன்னோர்களும் உயர்த்தினார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பெருமழைக்காலம் ஓய்ந்த பிறகுதான் அந்தக் கற்களுக்கிடையே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். எதிர்பாராத வெள்ளம் வந்தால் கையால் பிடுங்கிவிடலாம். சிமெண்டுச் சுவரை அப்படிப் பிடுங்க முடியாது.

பெரிய செல்வர்களும் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை முதலில் கால்வாய்க்கு நீர் தரக் கட்டப்பட்ட மண் அணை. 1879இல் அது மீன்பிடிப்புக்கும் வேட்டைக்குமான ஒரு மனமகிழ் மன்றத்தின் கைக்குப் போனது. ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃபிரிக்கும் அதில் உறுப்பினர்கள். அணையின் அடியிலிருந்த ஐந்து இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பழைய இரும்பாக விற்றிருந்தார். மன்றம் அவற்றைத் திரும்பப் பதிக்காததால், ஏரியை வடிக்க வழியே இல்லாமல் போயிற்று. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கின் குறுக்கே வலை வைத்தார்கள். கீழேயிருந்த இரும்பாலையின் சார்பில் 1880இல் பார்வையிட்ட ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளர், வடிகுழாய் இல்லாததையும் கசிவையும் எழுத்தில் சுட்டிக்காட்டியும் எதுவும் நடக்கவில்லை. 1889 மே 31 அன்று கரை வழிந்து உடைந்தது. பள்ளத்தாக்கிலும் ஜான்ஸ்டவுன் நகரிலும் இறந்தவர்கள் 2209 பேர். 

படகுத்துறைதான் சிக்கல் என்றால் துறையை ஏரிக்குள் நீட்டுங்கள், அல்லது நீரோடு ஏறி இறங்கும் மிதவைத் துறை அமையுங்கள், அல்லது கோடையில் அந்த மூலையை மட்டும் ஆழப்படுத்துங்கள். மீன்தான் சிக்கல் என்றால் வலையைக் கலிங்கின் மேல் நிறுத்தாமல், அதற்குப் பல மீட்டர் முன்னால் ஏரிக்குள் அரைவட்டமாக நெடுக வைத்து, பாதி அடைத்தாலும் நீர் போகும் அளவுக்குப் பரப்பைக் கொடுங்கள். அதிலும் மழைநாளில் சருகு வாரும் ஆள் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

கரையைத் துளைக்கும் குழாய்

தோட்டத்துக்கு நீர் எடுக்கவோ நீரூற்றுக்கு மின்கம்பி கொண்டுபோகவோ, முடிந்த கரையைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதித்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். குழாயின் வயிற்றுக்குக் கீழே மண்ணைத் திமிசு போட்டு இறுக்க முடியாது. அந்த இடைவெளி வழியே முதலில் ஈரமும் பிறகு மண்துகளும் நகரும். நீர்க் குழாய் என்றால் கரையின் மேலாகக் கொண்டுபோய் உறிஞ்சி எடுப்பதே நல்லது. மின்கம்பிக்குக் கரையே தேவையில்லை, சுற்றிக்கொண்டு போகலாம்.

கசிவை வெளியிலிருந்து அடைத்தல்

மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராக, மாறாத அளவில் வந்தால் அளந்து குறித்துக்கொண்டே வரலாம். கலங்கலாக வந்தாலோ, நீர்மட்டம் ஏறாதபோதும் அளவு கூடினாலோ, கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். இரண்டிலும் புதியவர்கள் செய்வது ஒன்றுதான்: கசியும் வாயில் களிமண்ணையோ சிமெண்டையோ வைத்து அடைக்கிறார்கள். வழி அடைபட்ட நீர் கரைக்குள் அழுத்தத்தோடு நின்று, சரிவை ஊறவைத்து, வேறோர் இடத்தில் பெரிதாக வெளிவரும். கசியும் இடத்தில் முதலில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று அடுக்கினால் நீர் போகும், மண் நிற்கும். கலங்கல் கண்ட அன்றே ஏரியைத் தாழ்த்தவும் தொடங்க வேண்டும்.

வெளிச்சரிவில் முன்பு ஒரு முறை மண் சரிந்திருந்தால் அதைப் புல் மூடியதும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் பொழுதுபோக்குக்கு மட்டும் வைத்திருந்த கெல்லி பார்ன்ஸ் ஏரியின் மண் அணை 1977 நவம்பர் 6 அதிகாலையில் உடைந்து 39 பேர் இறந்தார்கள். அதன் செங்குத்தான வெளிச்சரிவு ஏற்கெனவே சரிந்திருந்ததை 1973இல் எடுத்த ஒரு புகைப்படம் காட்டியது.

கரையில் மரம்

நிழலுக்கென்று நட்டுவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு யாரோ எச்சரித்ததும் அடிமரத்தோடு வெட்டிவிட்டு நிம்மதியடைவது அடுத்த தவறு: வேர் உள்ளேயே மக்கி, கரைக்கு நடுவே குழல் குழலாக வழி விடும். வேரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியை அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்க வேண்டும். அதையும் ஏரியைத் தாழ்த்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஏரியை ஒரே நாளில் வடித்தல்

உட்சரிவு சரியும்.

கரைமேல் கடைகள்

வேண்டாம், அதிலும் கழிவுநீர்த் தொட்டி வேண்டவே வேண்டாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றிருத்தல்

2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமும் நீளம், கொள்ளளவு போன்றவற்றில் குறிப்பிட்ட அளவும் உள்ளவற்றையுமே கணக்கில் எடுக்கிறது. ஆறேழு மீட்டர் உயரக் கரையுடைய படகு ஏரி அதற்குள் வராது. ஆகவே கசிவை அளந்து நோட்டில் எழுதுவதும், கரையின் உச்சி மட்டத்தை ஆண்டுக்கொரு முறை கருவி வைத்துப் பார்ப்பதும், கீழே எத்தனை வீடுகள் புதிதாக முளைத்திருக்கின்றன என்று எண்ணுவதும் உரிமையாளரின் வேலையாகவே இருக்கின்றன. நான் போகும் இடங்களில் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்கிறேன். படகுக் கட்டண நோட்டை எடுத்து நீட்டியவர்கள் இருவர்.