குவென்யா மொழியில் அழுத்தம் எந்த அசையில் விழும்?

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளில் வரும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்காக உருவாக்கிய மொழிகளில் ஒன்று குவென்யா. அதன் அழுத்த விதியை 1955-இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ நூலின் பின்னிணைப்பில் அவரே தந்திருக்கிறார். லத்தீன் படித்தவர்களுக்கு இது பழகிய விதிதான்.

படி 1: சொல்லை அசை பிரியுங்கள். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ஐ, ஔ, ஒய், உய் போன்ற கூட்டொலிகளை ஒரே உயிராகக் கொள்ளுங்கள். ‘எஅ’ கூட்டொலி அல்ல. அதனால் ஃபெஅனொர் என்ற பெயர் மூன்றசைச் சொல்: ஃபெ-அ-னொர். நம் யாப்பின் நேர், நிரையை இங்கே கொண்டுவர வேண்டாம். அங்கே தனிக்குறிலும் தனிநெடிலும் நேரசையே; இங்கே முதலாவது இலகு, இரண்டாவது கனம்.

படி 2: ஈரசைச் சொல்லா? முதல் அசையை அழுத்துங்கள். வர்த என்பதில் ‘வர்’. வேறு கணக்கு வேண்டாம்.

படி 3: மூன்று அசையோ அதற்கு மேலோ இருந்தால் ஈற்றயல் அசையை, அதாவது கடைசிக்கு முந்தைய அசையை மட்டும் பாருங்கள். அதில் நெடிலோ கூட்டொலியோ இருந்தால், அல்லது அது ஒற்றில் முடிந்தால், அது கன அசை; அழுத்தம் அதற்கே. இ-சில்-துர் என்பதில் ‘சில்’. ஈற்றயல் இலகுவானால் அழுத்தம் ஓர் அசை முன்னே போகும். ஒ-ரொ-மெ என்பதில் ‘ஒ’, ஃபெ-அ-னொர் என்பதில் ‘ஃபெ’.

இனி ஒரே வேரை எடுத்துப் பாருங்கள். விதியின் அழகு எனக்குப் புலப்பட்டது இங்கேதான். எலென் என்றால் விண்மீன், அழுத்தம் ‘எ’. பன்மை எலெனி; ‘லெ’ இலகு, எனவே மீண்டும் ‘எ’. ‘விண்மீன்களின்’ என்பதற்கு எ-லெ-னி-ஒன். ஈற்றயல் ‘னி’ இலகு, அழுத்தம் ‘லெ’க்கு நகர்கிறது. விண்மீன்களின் அரசி எ-லென்-தா-ரி. நெடில் ‘தா’ அதைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. விகுதியோ வேறு சொல்லோ சேரச் சேர அழுத்தம் இடம் மாறுவதால்தான் இந்த மொழியைக் கேட்கும்போது பாட்டுப்போல் இருக்கிறது. எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் அசை கனமா இலகுவா என்று பார்க்கும் வேலையே இல்லை, எப்போதும் ஈற்றயல்தான். கற்க எளிது, ஆனால் இந்த அசைவு கிடைக்காது.

படி 4: எழுத்தை எண்ணாதீர்கள், ஒலியை எண்ணுங்கள். இதே விதி ‘சிந்தாரின்’ என்ற மற்றோர் எல்ஃப் மொழிக்கும் உண்டு. அம்மொழியின் டெனெதொர் என்ற பெயரின் ‘த்’ ஒலிக்கு உரோமன் எழுத்தில் டி, எச் என இரண்டு எழுத்துகள். ஒலி ஒன்றே என்பதால் ‘னெ’ இலகு, அழுத்தம் ‘டெ’.

பயிற்சிக்கு இன்னொரு சிந்தாரின் பெயர்: க-ல-த்ரி-எல். ஈற்றயல் ‘த்ரி’ ஒற்றில் முடியவில்லை. ஆகவே ‘ல’வை அழுத்திச் சொல்லுங்கள்.