போதைப் பழக்கத்துக்கு மருந்து சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கைன், மெத்தாம்பெட்டமைன் பழக்கத்துக்கென்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை. அதனால் ஒவ்வொரு பரிசோதனையும் எங்களுக்கு அருமையானது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் தேதியை மாற்றி எழுதுவதும் கையெழுத்தை விடுவதும் நாளடைவில் திருந்திவிடும். பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மாத்திரையை எண்ணிப் பார்த்து நம்புவது

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடிவதில்லை. பங்கேற்பாளர் புட்டியைத் திருப்பித் தருகிறார்; மீதி சரியாக இருக்கிறது; உதவியாளர் 'முழுமையாக உட்கொண்டார்' என்று எழுதிவிடுகிறார். ஒரு பங்கேற்பாளருடைய கணக்கு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. மாத்திரையில் ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சேர்த்திருந்தோம். விழுங்கியிருந்தால் புற ஊதா விளக்கின் கீழ் சிறுநீர் மஞ்சள்பச்சையாக ஒளிரும். அவருடையது மங்கலாகவே கிடந்தது. பக்குவமாகக் கேட்டபோது, தூக்கம் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் வரும் வழியில் கொட்டிவிடுவதாகவும் சொன்னார். எனக்கு அவர்மீது கோபமில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டவர்மீதுதான் கோபம்.

2011-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வில், மெத்தாம்பெட்டமைன் எடுத்துவந்த 60 பேருக்கு மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்தோ, மருந்தில்லாத போலி மாத்திரையோ தரப்பட்டது. தாங்கள் உட்கொண்டதாக அவர்கள் சொன்ன அளவு சுமார் 75 சதவீதம். புட்டி திறப்பதைப் பதிவுசெய்த மூடி காட்டியதோ 50 சதவீதத்துக்கும் கீழே.

இந்தத் துறையில் கிடைக்கும் பலனே மெல்லியது. 2021-ல் வெளியான ஆய்வில் 403 பேர் பங்கேற்றனர். நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினருக்கே பலன் கிடைத்தது. போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். பாதிப் பேர் விழுங்காமல் விட்டிருந்தால் இந்த வித்தியாசமும் மறைந்திருக்கலாம், நல்ல மருந்தொன்று 'பலனில்லை' என்று குப்பைக்குப் போயிருக்கலாம். உடலுக்குள் போகாத மருந்தின்மீது தீர்ப்பு எழுத நமக்கு உரிமையில்லை.

அடுத்தடுத்த பாசிட்டிவ் முடிவுகளைத் தனித்தனியாக எண்ணுவது

கொக்கைனின் சிதைபொருள் சிறுநீரில் இரண்டு முதல் நான்கு நாள்வரை, சிலருக்கு அதற்கு மேலும் தங்கும். திங்கள், புதன் இரண்டும் பாசிட்டிவ் என்றால் இருமுறை எடுத்தார் என்று பொருளில்லை. செறிவு ஏறியதா, இறங்கியதா என்று பாருங்கள்.

பாதியில் நின்றவர்களைக் கணக்கிலிருந்து எடுப்பது

எடுக்காதீர்கள்.

போதை ஏறாவிட்டால் போதும் என்று நினைப்பது

கொக்கைன் மூளையை எட்டாமல் தடுப்பதற்கான தடுப்பூசியைச் சோதித்தபோது, சிலர் அந்தத் தடையை மீறுவதற்காக முன்பைவிடப் பல மடங்கு கொக்கைன் எடுத்தனர். மூளைக்கு எட்டாவிட்டாலும் பணம் கரைகிறது, ஆபத்து கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் எவ்வளவு எடுத்தார் என்று கேளுங்கள். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.