ஒரே மாடல், வேற வேற கை: மாஸ்டர்பில்ட் கிட்டார அடையாளம் கண்டு ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

ஓசூர் சிப்காட்ல ஒரு டூல் ரூம்ல பதினாலு வருஷமா பெஞ்ச் ஃபிட்டரா இருக்கேன். ஒரு டைய, அதான் அச்ச, கையில எடுத்து ஓரத்த விரலால தடவுனாலே இத எங்க செட்டுல யாரு அரம் போட்டு முடிச்சதுனு சொல்லிடலாம், டிராயிங் ஒண்ணுதான், அளவு ஒண்ணுதான், ஆனா ஒவ்வொருத்தர் கையும் ஒரு மாதிரி. எலக்ட்ரிக் கிட்டார்லயும் அப்படியே இருக்குனு புரிஞ்சதுல இருந்து எனக்கு இது பைத்தியமாவே ஆயிடுச்சு. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சர்ச்ல, மெல்லிசைக் குழுவுல வாசிக்கிற தம்பிங்க நிறைய பேரு "அண்ணா, மாஸ்டர்பில்ட்னு சொல்றாங்களே, அதுல என்ன தனியா இருக்கு, எப்படிப் பாக்குறது"னு கேக்குறாங்க, அதனால எனக்குத் தெரிஞ்ச முறைய அப்படியே எழுதுறேன்.

முதல்ல பேரு விஷயத்த தெளிவு பண்ணிக்கலாம். ஃபெண்டர் கம்பெனி 1987ல கலிஃபோர்னியாவுல கஸ்டம் ஷாப்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஜான் பேஜ், மைக்கேல் ஸ்டீவன்ஸ்னு ரெண்டே பேரோட. இப்ப அங்க இருந்து வர்ற கிட்டார்ல ரெண்டு வகை இருக்கு. டீம் பில்ட்னா பல பேரு ஆளுக்கொரு வேலையா செஞ்சு முடிக்கிறது. மாஸ்டர்பில்ட்னா மரம் எடுக்கிறதுல இருந்து நெக்க (கையில பிடிக்கிற நீளக் கட்டைய) இழைச்சு, ஃபிரெட் (அது மேல குறுக்கால பதிச்ச கம்பி) முடிச்சு, கடைசி செட்டப் வரைக்கும் ஒரு பில்டரோட பொறுப்பு, கூட அவரோட உதவியாள் இருப்பாரு, பெயிண்ட் மாதிரி வேலைல மத்தவங்க கையும் சேரும். மெஷின் தொடாததுனு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, நெக்க முரடா வெட்டுறது பெரும்பாலும் மெஷின்தான், கடைசி இழைப்புலதான் மனுஷன் கை வருது. கிப்சன்னு இன்னொரு கம்பெனில மர்ஃபி லேப்னு கேள்விப்படுவீங்க, அது பழசு மாதிரி ஃபினிஷ் குடுக்குற வேலைக்குப் பேரு போனது, இதோட போட்டுக் குழப்பிக்க வேணாம்.

சரி, அடையாளம். ஹெட்ஸ்டாக், அதான் ட்யூன் பண்ற முறுக்காணி இருக்குற தலைப்பகுதி, அத பின்பக்கம் திருப்பிப் பாருங்க, மாஸ்டர்பில்ட்னா அங்க பில்டர் பேரு இருக்கும், டீம் பில்ட்ல கஸ்டம் ஷாப் லோகோ மட்டும்தான் இருக்கும். அடுத்து சர்டிஃபிகேட், அதுல மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும், கிட்டார்ல இருக்குற நம்பரோட எழுத்து எழுத்தா பொருத்திப் பாருங்க. நம்பர மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஆர்-ல ஆரம்பிக்கிற நம்பரும் சி.இசட்-ல ஆரம்பிக்கிற நம்பரும் ரெண்டு வகையிலயும் வரும். பேரு, பேப்பர், நம்பர் மூணும் ஒத்து வந்தா அப்புறம் அந்த நம்பர வச்சு கம்பெனிக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, காசு குடுக்குறதுக்கு முன்னாடி.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒருதடவ நான் ஏமாறப் பாத்தேன். சேலம் பக்கம் ஒருத்தர் ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) வித்தாரு, பேரு இருந்துச்சு, பேப்பர் இருந்துச்சு, கூட வந்த ஸ்பெக் தாள்ல ஃபிங்கர்போர்டு ரேடியஸ், அதான் விரல் வைக்கிற பலகையோட வளைவு, 7.25 இன்ச்னு போட்டிருந்துச்சு. நான் டூல் ரூம்ல மிச்சமான அலுமினியத் தகட்டுல 184 மி.மீ ரேடியஸ் கேஜ் ஒண்ணு வெட்டி வச்சிருந்தேன், 7.25 இன்ச்னா அதுதான். ஸ்ட்ரிங்க லூஸ் பண்ணி ஓரமா ஒதுக்கிட்டு கேஜ உக்கார வச்சா ரெண்டு ஓரமும் தொடுது, நடுவுல வெளிச்சம் தெரியுது. அதாவது போர்டு அவ்ளோ வளைவு இல்ல, தட்டையா இருக்கு. 241 கேஜ் போட்டேன், அதான் 9.5 இன்ச், அப்பவும் லேசா வெளிச்சம். நெக்கு வேற எங்கயோ இருந்து வந்தது. அட்வான்ஸ் குடுக்காம பஸ் ஏறிட்டேன். அதுல இருந்து பேப்பர்ல எழுதியிருக்கிற ஒவ்வொரு அளவையும் கிட்டார் மேல வச்சுப் பாக்காம நான் எதையும் நம்புறதில்ல.

அறுபதுகள் மாடல்னு சொன்னா இன்னொண்ணும் பாருங்க. 1959ல இருந்து 62 நடு வரைக்கும் ஃபெண்டர்ல ரோஸ்வுட் போர்டோட அடிப்பாகம் தட்டையா இருக்கும், ஸ்லாப்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் வளைஞ்ச மெல்லிசான போர்டு. நெக்கோட பாடி பக்கத்து முனையில ரோஸ்வுட்டும் மேப்பிளும் சேர்ற கோடு நேரா இருக்கா வில்லு மாதிரி இருக்கானு பாத்தா தெரிஞ்சிடும். 1960 மாடல்னு சொல்லிட்டு வில்லு மாதிரி கோடு இருந்தா ஏன்னு கேளுங்க.

உள்ளுக்குள்ள இருக்குற கையெழுத்துதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஐம்பதுகள்ல ஃபெண்டர்ல நெக்கு இழைச்ச டாடியோ கோமஸ்னு ஒருத்தரு, நெக்கோட அடியில பென்சில்ல டி.ஜி-னு போட்டு தேதி எழுதிடுவாரு, அந்த ரெண்டு எழுத்த இன்னைக்கும் உலகம் பூரா தேடுறாங்க. அபிகேல் இபாரானு ஒரு அம்மா 1956ல வேலைக்குச் சேந்து 2013 வரைக்கும் பிக்கப் (ஸ்ட்ரிங்கு அதிர்வ கரண்டா மாத்துற காந்தச் சுருள்) சுத்துனாங்க, கஸ்டம் ஷாப்ல அவங்க சுத்துன பிக்கப் அடியில அவங்க கையெழுத்து இருக்கும், அவங்ககிட்ட கத்துக்கிட்ட ஹோசஃபினா காம்போஸ்தான் அந்த வேலைய அப்புறம் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அடுத்தவங்க கிட்டார நாமளே ஸ்க்ரூ கழட்டக் கூடாது, உள்பக்க ஃபோட்டோ இருந்தா அனுப்புங்கனு மரியாதையா கேளுங்க.

இனி ஒப்பிடுறது. எங்க ஊருல கடைக்குப் போயி ரெண்டு மாஸ்டர்பில்ட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க வழியில்ல, பெங்களூர் போகணும் இல்லன்னா வச்சிருக்கிறவங்க வீட்டுக்குப் போகணும். போன வருஷம் மத்திகிரில ஒரு நண்பர் வீட்டுல ஒரு டீம் பில்டும் ஒரு மாஸ்டர்பில்டும் சேந்து கிடைச்சுது, ரெண்டும் அறுபதுகள் ஸ்ட்ராட், ரெண்டும் சி ஷேப் நெக்கு, அதாவது பின்பக்கம் ஆங்கில C எழுத்து மாதிரி வளைவு. பாலக்கோட்டுல இருந்து தம்பி ஒருத்தனையும் கூட்டிட்டுப் போனேன், சர்ச்ல வாசிக்கிறவன். வெர்னியர் வச்சு அளந்தா ரெண்டு நெக்கும் முதல் ஃபிரெட்ல 21 மி.மீ, பன்னெண்டாவதுல 23.4, வெர்னியர்ல வித்தியாசமே தெரியல. அவன கண்ண மூடச் சொல்லி மாத்தி மாத்திக் கையில குடுத்தேன், ஒவ்வொரு தடவையும் கரெக்டா சொல்றான். "ணா, இது கையில வழியுது, அது ஓரத்துல இடிக்குது"ன்றான். அப்புறம் தச்சர் வச்சிருக்கிற சீப்பு மாதிரி கான்டூர் கேஜ நெக்கு மேல மெல்லிசு துணி போட்டு அமுத்தி, கிராஃப் பேப்பர்ல கோடு போட்டுப் பாத்தோம். நடு உயரம் ஒண்ணுதான், தோள்பட்டைதான் வேற. போர்டு ஓரத்துக்குக் கீழ இருக்குற சரிவ மாஸ்டர்பில்ட்ல இன்னும் கொஞ்சம் இழைச்சு எடுத்திருந்தாரு, பாஸ் பக்கம் ஒரு மாதிரி ட்ரெபிள் பக்கம் ஒரு மாதிரி. இந்த இடத்துலதான் பில்டரோட கை தெரியும், அதனால நம்பர மட்டும் எழுதாம உருவத்த வரைஞ்சு வைங்க, முதல், அஞ்சு, பன்னெண்டு மூணு இடத்துலயும்.

அடுத்தது ஃபிரெட் முனை. கட்டைவிரல் நகத்த நெக்கு ஓரமா மேல இருந்து கீழ இழுத்துட்டு வாங்க, எங்கயாச்சும் பிடிக்குதா பாருங்க, அப்புறம் லென்ஸ் வச்சு அரம் போட்ட கீறல் மிச்சம் இருக்கா, எல்லா முனையும் ஒரே மாதிரி உருண்டு இருக்கானு பாருங்க. இதுல நம்ம ஊருக்குனு ஒரு எச்சரிக்கை இருக்கு. மாங்கா சீசன்ல காத்து காஞ்சு போயி மரம் சுருங்கும், ஃபிரெட் உலோகம் அப்படி சுருங்காது, அதனால ஃபிரெட் முனை வெளிய துருத்திக்கிட்டு குத்தும். ஏப்ரல்ல பர்கூர்ல ஒரு வீட்டுல பாத்துட்டு பில்டர் சரியில்லனு சொல்றது நியாயம் இல்ல, அதே கிட்டார ஐப்பசி மழையில பாத்தா வழுவழுனு இருக்கும். ஈரப்பதம் 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள இருக்குற ரூம்ல ஒரு வாரமாச்சும் இருந்த கிட்டாரதான் ஒப்பிடணும்.

நட்டு, அதான் ஹெட்ஸ்டாக் பக்கத்துல ஸ்ட்ரிங்கு உக்கார்ற பள்ளம் வெட்டுன கட்டை, அத பாருங்க, ஸ்ட்ரிங்கு பள்ளத்துக்குள்ள பாதிதான் மூழ்கியிருக்கணும், ட்யூன் பண்ணும்போது டிக் டிக்னு சத்தம் வந்தா பள்ளம் சரியா வெட்டல. நெக்கு ரிலீஃப (நெக்கு நீளவாக்குல லேசா குழிஞ்சிருக்குற அளவ) ஃபீலர் கேஜ்ல பாத்துக்கங்க, கால் மில்லிமீட்டர் கிட்ட இருந்தா போதும், இது எப்ப வேணாலும் திருப்பி வச்சுக்கிற விஷயம், இத வச்சு பில்டர எடை போட வேணாம்.

ரெலிக்னு சொல்ற பழசாக்குற வேலை 1995ல வின்ஸ் குனெட்டோனு ஒருத்தர் வெளிய இருந்து ஃபெண்டருக்குச் செஞ்சு குடுத்ததுல ஆரம்பிச்சுது. இதுல கை வித்தியாசம் ரொம்ப நல்லா தெரியும். உண்மையிலயே வாசிச்சு தேஞ்ச கிட்டார்ல முழங்கை படுற இடம், பெல்ட் பக்கிள் உரசுற இடம், முதல் மூணு ஃபிரெட்டு இதெல்லாம்தான் முதல்ல போகும். நல்ல பில்டர் அத யோசிச்சு செஞ்சிருப்பாரு, மரம் தேஞ்ச அளவுக்கு ஸ்க்ரூவும் பிரிட்ஜும் மங்கியிருக்கும். பாடி நாப்பது வருஷம் வாசிச்ச மாதிரி இருக்கு, போர்டு நேத்து வந்த மாதிரி இருக்குன்னா எனக்கு மனசு ஒப்பாது. பழைய கிட்டார்ல அடிக்கிற நைட்ரோ லாக்கர் பெயிண்டுதானானு பாக்க அசிட்டோன் தொட்டுப் பாக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தொட்ட இடம் கரைஞ்சு போயிடும். ரப்பர் ஸ்டாண்டுல கூட நைட்ரோ ஃபினிஷ் கிட்டார வைக்கக் கூடாது.

சத்தம் கடைசியா. ஆம்ப்ல போடாம சும்மா வாசிச்சு, உடம்பு அதிர்றத வயித்துல உணர்ந்து பாருங்க. லக்கேஜ் தராசுல தொங்க விட்டு எடை எழுதுங்க, ஸ்ட்ராட் மூணரைக் கிலோ பக்கம் வரும். ஆம்ப்ல போடும்போது ஒரே கேபிள், ஒரே கேஜ் ஸ்ட்ரிங்கு, பிக்கப் உயரமும் ஒண்ணா இருக்கணும், கடைசி ஃபிரெட்ட அமுத்திக்கிட்டு பாஸ் பக்கம் 2.4 மி.மீ, ட்ரெபிள் பக்கம் 2 மி.மீ. இத வைக்காம "இது சூடா இருக்கு, அது மொண்ணையா இருக்கு"னு பேசுறதுல அர்த்தமே இல்ல. மல்டிமீட்டர்ல பிக்கப் ரெசிஸ்டன்ஸ் பாக்குறவங்க வெயிலையும் கணக்குல எடுங்க, செம்புக் கம்பி டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும், 25 டிகிரி ஏசி ரூம்ல 6.00 கிலோ ஓம் காட்டுன பிக்கப் நம்ம ஊரு 37 டிகிரியில 6.28 கிட்ட காட்டும், பிக்கப் மாத்திட்டாங்கனு சண்டைக்குப் போயிடாதீங்க.

பில்டருக்கு பில்டர் தேடுறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். டாட் க்ரவுஸ்னா எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக் இவங்களுக்குச் செஞ்சவரு. யூரி ஷிஷ்கோவ், பெலாரஸ்ல இருந்து போனவரு, நுணுக்கமான இன்லே (மரத்துல வேற பொருள பதிச்சு அலங்காரம் பண்றது) வேலைக்குப் பேரு போனவரு. ஸ்டீஃபன் ஸ்டெர்ன்னா ஆர்ச்டாப், அதான் மேல்பலகை வளைஞ்ச கிட்டார். ஜான் சுர் கூட அங்க மாஸ்டர் பில்டரா இருந்துட்டு அப்புறம் தன் பேருல கம்பெனி போட்டாரு. ஒருத்தரோட வேலைய அஞ்சாறு கிட்டார் பாத்தப்புறம்தான் அவரு கை பிடிபடும், அதனால ஆறு பில்டர் பின்னாடி ஓடாம ஒருத்தர எடுத்து, கிடைக்குற ஃபோட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு, நெக்கு கோடு, ஃபிரெட் முனை, தேய்மானம் மூணையும் வரிசையா பாருங்க.

வெளிநாட்டுல இருக்குற மச்சான்கிட்ட சொல்லி வாங்குறவங்க போர்டு எந்த மரம்னு முன்னாடியே கேட்டுக்கங்க. நம்ம ஈட்டி மரம், அதான் இந்தியன் ரோஸ்வுட்டுனா 2019ல இருந்து முடிஞ்ச இசைக்கருவிக்கு சைட்டிஸ் (அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்கள விக்கிறதக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பெர்மிட் தேவையில்ல. பிரேசிலியன் ரோஸ்வுட்டு 1992ல இருந்தே கடுமையான பட்டியல்ல இருக்கு, அதுக்குப் பேப்பர் இல்லாம எல்லை தாண்டுனா ஏர்போர்ட்லயே பிடிச்சு வச்சிடுவாங்க, அந்தப் பேப்பர் கையில வந்தப்புறம் டிக்கெட் போடச் சொல்லுங்க.