உதவி கேட்டும் ஆள் வராதபோது எது வேலை செய்தது

பக்கவாதத்துக்குச் சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பியதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாத்திரை கொடுத்தேனா என்பதுகூட மறந்துபோகும். அலாரம் வைத்தேன், அரைத்தூக்கத்தில் கை தானாக அணைத்துவிடும். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் "உதவி தேவை" என்று போட்டேன். ஆறுதல் வந்தது, ஆள் வரவில்லை.

அவர்களுக்கு மனமில்லை என்று நினைக்காதீர்கள். பலர் சேர்ந்து பார்க்கும்போது பொறுப்பு சிதறிவிடும் என்று டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-லேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள்.

பலித்தது இதுதான்: ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ஒரே ஒரு வேலை. "அண்ணி, செவ்வாய் மதியம் 2 மணியிலிருந்து 4 வரை அம்மாகூட இருக்க முடியுமா? நான் தூங்கணும்." உடனே, "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார்.

பலர் கவனிக்காத விஷயம் அந்த "4 வரை". முடியும் நேரம் சொல்லாதவரை தயங்கியவர்கள், சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள்.

தம்பி வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைக்கிறான். டப்பாவின் அறை காலியாக இருந்தால் மாத்திரை கொடுத்தாயிற்று.

மனம்விட்டுப் பேச மட்டும் ஒரு தோழி. அவளிடம் வேறு வேலை ஒப்படைப்பதில்லை; எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்தால் அவரும் சோர்ந்துவிடுவார்.