ஸ்வீடன் மன்னர்களின் வரிசை எண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று ஸ்வீடனின் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃப். அவருக்கு முன் பதினைந்து கார்ல்கள் ஆண்டார்கள் என்று எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. முதல் ஆறு கார்ல்கள் வரலாற்றில் இல்லவே இல்லை.

இந்தக் குழப்பம் யோஹான்னஸ் மாக்னுஸிடமிருந்து வருகிறது. உப்சாலாவின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர் இவர். நாட்டுக்குத் திரும்ப முடியாமல் 1544இல் ரோமில் இறந்தார். 1554இல் அச்சான அவருடைய வரலாறு, நோவாவின் பேரன் மாகோகிலிருந்தே ஸ்வீடன் அரச வம்சத்தைத் தொடங்கி, கற்பனை மன்னர்களை வரிசையாக அடுக்கியது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் 16ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசாவின் மகன்களில் ஒருவர் பதினான்காம் எரிக் ஆனார், இன்னொருவர் ஒன்பதாம் கார்ல் ஆனார். சான்றுள்ள முதல் கார்ல், 1167இல் விசிங்ஸோ தீவில் கொல்லப்பட்ட கார்ல் ஸ்வெர்கெர்சன். அவருக்கு இன்று ஏழாம் எண். 15ஆம் நூற்றாண்டில் மூன்று முறை அரியணை ஏறிய கார்ல் க்னுட்சன் உண்மையில் இரண்டாமவர். ‘எட்டாம்’ என்பது பின்னாளில் ஒட்டியது. இப்படி எண்ணினால் இன்றைய மன்னர் பத்தாவது கார்ல்தான்.

அதற்காக எண்ணை நீங்களே திருத்திவிடாதீர்கள். ‘பத்தாம் கார்ல்’ என்றால், 1654இல் கிறிஸ்டினா அரசி முடி துறந்தபோது பட்டத்துக்கு வந்த அவருடைய அத்தை மகன் கார்ல் குஸ்தாவ் என்றே ஆகிவிடும்.

இரட்டைப் பெயர்களில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஸ்வீடிஷில் எண் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வரும். நாம் முன்னால் வைக்கிறோம். அதனால் 1632இல் லுட்சென் போர்க்களத்தில் மாண்ட இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃபுக்கு முன் இன்னொரு குஸ்தாவ் அடோல்ஃப் ஆண்டதாகத் தோன்றும். அப்படி யாரும் இல்லை. எண் ‘குஸ்தாவ்’ என்ற முதல் பெயருக்கு மட்டும். முதலாமவர் 1523இல் மன்னராகத் தேர்வான குஸ்தாவ் வாசா. இதே காரணத்தால் கார்ல் குஸ்தாவ்கள் குஸ்தாவ் கணக்கில் சேரமாட்டார்கள்.

சார்லஸ், கார்ல் இரண்டும் ஒரே பெயர்தான். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் ஒருவர் இருவராகிவிடுவார்.

எந்த நாட்டுக் கணக்கு என்பதையும் பாருங்கள். பிரான்சின் பொ நகரில் பிறந்த பெர்னடோட் 1818இல் பட்டத்துக்கு வந்தபோது ஸ்வீடனுக்குப் பதினான்காம் கார்ல் யோஹான். அப்போது அதே முடியின் கீழ் இருந்த நார்வேக்கு மூன்றாம் கார்ல் யோஹான். போலந்தில் மூன்றாம் சிகிஸ்மண்ட் எனப்படுபவருக்கு ஸ்வீடனில் எண்ணே இல்லை, வெறும் சிகிஸ்மண்ட்தான்.