பழைய பிரிண்டரைப் புதுக் கணினியில் இணைக்கும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஒரு பிரிண்டர் வாங்கினால் அது பல காலம் உழைக்கும். தமிழ்ப்பள்ளிப் பயிற்சித்தாள், கோயில் ரசீது எல்லாம் அதில்தான். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்து, புதுக் கணினிக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. டிரைவர், அதாவது பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், இல்லை என்றதும் நல்ல பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காத விஷயம்.

மாடல் எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் படும் தளத்தில் டிரைவரை இறக்காதீர்கள். டிரைவரோடு வேண்டாத மென்பொருளும் சேர்ந்து வரும். தயாரிப்பாளரின் தளத்தில் இல்லையென்றால், பிரிண்டரைக் கைமுறையாகச் சேர்க்கும் பக்கத்தில் உள்ள ‘விண்டோஸ் அப்டேட்’ பொத்தானை அழுத்துங்கள். பட்டியல் நீள நேரமாகும், பொறுமையாக இருங்கள்.

பெட்டியோடு வந்த பழைய சிடியையும் நம்ப வேண்டாம். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட். சிடியில் இருப்பது 32-பிட் டிரைவர் என்றால் அதில் ஏறவே ஏறாது.

பலரும் சறுக்குவது வேறொரு இடத்தில். டிரைவர் கிடைக்காதபோது, அதே கம்பெனியின் வேறொரு மாடல் டிரைவரைப் போட்டுப் பார்க்கிறார்கள். பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான அச்சு மொழிகளைப் புரிந்துகொள்ளும் பிரிண்டராக இருந்தால் இது பலிக்கும், பொதுவான பிசிஎல் டிரைவரே போதும். ஆனால் எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 மாதிரியானவை அப்படியில்லை. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியே செய்து முடித்து, அவற்றுக்கே உரிய வடிவில் அனுப்ப வேண்டும். 1020-இல் மின்சாரத்தை நிறுத்தினால் அதன் உள் மென்பொருள்கூட அழிந்துபோகும். மறுபடி போடும்போது கணினிதான் அதை ஏற்றிவிடுகிறது. இதற்குப் பிசிஎல் டிரைவரைக் கொடுத்துப் பயனில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தில் 1020-க்கு டிரைவர் உண்டு. லினக்ஸ் ஓடும் பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலோ கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை நிறுவி, பிரிண்டரை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்தால் ஐபோனிலிருந்தும் அச்சிடலாம்.

அப்புறம், கோயில் அலுவலகத்து எப்சன் எல்எக்ஸ்-300, ஊசியால் குத்தி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டிரைவர் இல்லையென்று ‘ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்தும் எண்ணும் வரும், தமிழ் வராது. அந்த டிரைவர் எழுத்துக் குறியீடுகளை மட்டும் அனுப்புகிறது, பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது. உபயகாரர் பெயர் தமிழில் வரவேண்டுமென்றால் எப்சனின் 9 ஊசி பிரிண்டருக்கான டிரைவர் வேண்டும். அது எழுத்தைப் படமாக அனுப்பும். பழைய பெரிய கேபிளை யூஎஸ்பியாக மாற்றும் வயரில் இணைத்திருந்தால், அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டிய போர்ட் (இணைப்பு வாயில்) எல்பிடி1 அல்ல, யூஎஸ்பி001 என்பது போன்ற ஒன்று. இதைக் கவனிக்காமல் பிரிண்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

டிரைவர் ஏற மறுக்கிறது என்பதற்காகக் டிரைவர் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை நிரந்தரமாக நிறுத்தி வைக்காதீர்கள். வங்கிக் கணக்கும் அதே கணினியில்தானே இருக்கிறது! விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் ‘புரொடெக்டட் பிரிண்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கியிருந்தால் தயாரிப்பாளரின் டிரைவர்கள் வேலை செய்யாது. அமைப்புகளில் அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், தனி டிரைவர் இல்லாமலே அச்சிடலாம் என்பதைக் காட்டும் மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.